பார்க்கின்சன் நோய்: ஆய்வகங்களுக்குப் பொதுவான கருவிகளும் செய்முறைகளும் ஏன் தேவை? இந்தியா எங்கே நிற்கிறது?

புதுடெல்லி: பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய்க்கு லெவோடோபா மருந்து பயன்பாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கை நடுக்கம், உடல் இறுக்கம், அசைவுகளின் மந்தம் ஆகியவற்றை அந்த மருந்து குறைக்கிறது. ஆனால், மூளையில் நோய் முன்னேறுவதைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இன்றுவரை இல்லை. நோயின் சிக்கலான தன்மையே இதற்கு முதன்மைக் காரணம். அதற்கு அடுத்தபடியாக அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டுவது, ஓர் ஆய்வகத்தில் கிடைத்த முடிவு மற்றோர் ஆய்வகத்தில் பல நேரங்களில் மீண்டும் கிடைப்பதில்லை என்பதாகும்.

இந்தக் குறையைப் போக்கும் நோக்கில், கடந்த 15 ஆண்டுகளில் பார்க்கின்சன் ஆய்வுத் துறை ஒரு புதிய பாதையைத் தேர்ந்தெடுத்துள்ளது. சோதனைகளுக்கான ஆன்டிபாடிகள், செல்கள், நோய்மாதிரி எலிகள், புரத இழைகள், நோயாளிகளின் ரத்த மாதிரிகள், மரபணுத் தரவுகள், ஒவ்வொரு சோதனைக்குமான விரிவான செய்முறை ஆகிய அனைத்தையும் ஆய்வகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியுள்ளன. இந்தப் பகிர்வு சில முக்கியமான முடிவுகளையும் தந்துள்ளது. இந்திய நோயாளிகளுக்கு அதன் பலன் எந்த அளவுக்கு வந்து சேரும் என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி.

பெருகும் நோயாளிகள், எட்டாத மருந்து

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்தனர். 25 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகியுள்ளது. 2050ஆம் ஆண்டில் இது சுமார் 2.52 கோடியாக உயரக்கூடும் என்று 2025 மார்ச் மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான ஆய்வு கணித்துள்ளது. மக்கள் தொகையில் முதியோரின் பங்கு அதிகரிப்பதே இந்த உயர்வுக்கு முக்கியக் காரணம் என்றும் அது கூறுகிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டிலேயே சுமார் 5.8 லட்சம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடு தெரிவிக்கிறது. முதியோர் எண்ணிக்கை வேகமாக உயர்ந்து வரும் நாட்டில் இந்தச் சுமை மேலும் கூடும் என்பதில் ஐயமில்லை.

மருந்து தேடும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதத்தைக் குறிவைத்து உருவாக்கப்பட்ட பிரசினெசுமாப், சின்பனெமாப் ஆகிய 2 மருந்துகளின் இரண்டாம் கட்ட மருத்துவச் சோதனை முடிவுகள் 2022ஆம் ஆண்டு வெளியாகின. இரண்டுமே தமது முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆய்வகத்தில் நம்பிக்கை அளித்த ஒரு வழிமுறை நோயாளிகளிடம் ஏன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்ற கேள்வி எழும்போது, அந்த ஆய்வக முடிவுகள் எந்தக் கருவிகளைக் கொண்டு, எந்த முறையில் பெறப்பட்டன என்பதும் ஆராயப்பட வேண்டியதாகிறது.

நேரில் பார்க்க முடியாத நோய்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு இந்நோயை விவரித்து எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் தேதிதான் உலக பார்க்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழிவதே நோயின் அடிப்படை. கை நடுங்கத் தொடங்கி, ஒருவர் மருத்துவரைத் தேடிச் செல்வதற்குள் அந்த செல்களில் கணிசமான பகுதி அழிந்துவிட்டிருக்கும்.

1997ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்புமுனை. ஆல்ஃபா சினுக்ளின் புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றம் சில இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் பார்க்கின்சன் நோயை உண்டாக்குகிறது என்பது அந்த ஆண்டு கண்டறியப்பட்டது. நோயாளிகளின் மூளை செல்களுக்குள் காணப்படும் லூயி திரட்சிகள் பெருமளவில் இதே புரதத்தால் ஆனவை என்பதும் அதே ஆண்டு தெரியவந்தது. 2004ஆம் ஆண்டு எல்ஆர்ஆர்கே2 என்ற மற்றொரு மரபணு அடையாளம் காணப்பட்டது.

புற்றுநோய்க் கட்டியில் இருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆராய்வது போல, உயிருடன் உள்ள நோயாளியின் மூளையில் இருந்து திசுவை எடுக்க முடியாது. எலிகளுக்கு இயற்கையாக இந்நோய் வருவதும் இல்லை. எனவே, பார்க்கின்சன் ஆய்வாளர்கள் மாற்று வழிகளையே நம்பியிருக்கின்றனர். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல்கள், மரபணு மாற்றப்பட்ட எலிகள், செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட புரத இழைகள், இறந்தவர்கள் தானமாக அளித்த மூளைத் திசுக்கள் ஆகியவையே அவர்களின் கருவிகள். இந்த மாற்றுக் கருவிகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டால், கிடைக்கும் முடிவுகளும் வேறுபடும்.

குப்பியின் மீது ஒரு பெயர், உள்ளே வேறு வேலை

இந்தச் சிக்கலுக்குத் தெளிவான சான்று ஆன்டிபாடிகள். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் தன்மை கொண்டவை இவை. செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் இவற்றையே பயன்படுத்துகின்றன. நிறுவனங்களிடம் இருந்து சிறு குப்பிகளில் வாங்கப்படும் இந்த ஆன்டிபாடி வேறொரு புரதத்தில் ஒட்டிக்கொண்டால், அதை அடிப்படையாகக் கொண்ட முடிவு முழுவதும் பிழையாகிவிடும்.

கனடாவின் மான்ட்ரியல் நகரை மையமாகக் கொண்டு செயல்படும் ஒய்காரோஸ் என்ற திறந்த அறிவியல் குழு இதை முறையாகச் சோதித்தது. நரம்பியலுடன் தொடர்புடைய 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை எடுத்து, ஒரே செய்முறையில் அக்குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு சோதனையிலும் அந்தப் புரதம் உள்ள செல்களும், மரபணு நீக்கத்தால் அந்தப் புரதமே இல்லாத செல்களும் ஒப்பிடப்பட்டன. புரதமே இல்லாத செல்லிலும் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டால் அது தவறானது என்பது வெளிப்பட்டுவிடும்.

2023ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வின் முடிவுகள் துறையினரை அதிர வைத்தன. பாதிக்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகள் ஏதேனும் ஒரு பயன்பாட்டிலாவது தோல்வி அடைந்தன. இந்தப் புரதங்களைப் பற்றி ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள படங்களில் 20 முதல் 30 சதவீதம் வரை, உரிய புரதத்தை அடையாளம் காணாத ஆன்டிபாடிகளைக் கொண்டு எடுக்கப்பட்டிருக்கலாம் என்று அக்குழு மதிப்பிட்டது. அதே நேரத்தில், பெரும்பாலான புரதங்களுக்குச் சந்தையில் குறைந்தது ஒரு நல்ல ஆன்டிபாடியாவது இருக்கிறது என்ற ஆறுதலான தகவலும் கிடைத்தது. சோதனைக்கு ஒத்துழைத்த தயாரிப்பு நிறுவனங்கள், எதிர்பார்த்தபடி செயல்படாதவற்றில் சுமார் 20 சதவீதத்தை விற்பனையில் இருந்து நீக்கின. சுமார் 40 சதவீதத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பயன்பாட்டைத் திருத்தின.

தனித்தனி ஆய்வகங்கள் ஒவ்வொன்றும் இந்தச் சோதனையைச் செய்வது சாத்தியமில்லை. ஒரு குழு செய்து, முடிவை அனைவரும் பார்க்கும்படி வெளியிட்டதால், எந்தக் குப்பியை வாங்குவது என்பதை ஒரு சிறிய கல்லூரியின் ஆய்வு மாணவர்கூட இன்று அறிந்துகொள்ள முடிகிறது.

புரத இழைகளும் செய்முறையும்

கருவி சரியாக இருந்தாலும் அதைக் கையாளும் முறை மாறினால் முடிவு மாறிவிடும் என்பதற்கு ஆல்ஃபா சினுக்ளின் இழைகள் ஓர் எடுத்துக்காட்டு. ஆய்வகத்தில் முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட இந்தப் புரத இழைகளை எலியின் மூளையில் ஒருமுறை செலுத்தினாலே, அங்குள்ள இயல்பான புரதமும் உருமாறித் திரளத் தொடங்கும் என்பதையும், காலப்போக்கில் டோபமைன் செல்கள் அழியும் என்பதையும் அமெரிக்க விஞ்ஞானிகள் 2012ஆம் ஆண்டு காட்டினர். அதன் பிறகு உலகின் பல ஆய்வகங்கள் இந்த முறையைப் பின்பற்றின. சில ஆய்வகங்களுக்கு அது பலித்தது, சிலவற்றுக்குப் பலிக்கவில்லை.

காரணம் எளிமையானது. நீண்ட இழைகளை ஒலியலைகளைச் செலுத்திச் சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள துண்டுகளாக உடைத்த பிறகே எலிக்குச் செலுத்த வேண்டும். துண்டுகள் பெரிதாக இருந்தால் விளைவு குறையும். எவ்வளவு நேரம் ஒலியலை செலுத்துவது, எந்த வெப்பநிலையில் சேமிப்பது, துண்டுகளின் அளவை எப்படிச் சரிபார்ப்பது போன்ற நுணுக்கங்கள் பல ஆய்வுக் கட்டுரைகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் பல ஆய்வகங்கள் இணைந்து 2018ஆம் ஆண்டு இதற்கான விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டன.

29 வயதில் பார்க்கின்சன் நோய்க்கு ஆளான ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000ஆம் ஆண்டு தொடங்கிய இந்த அறக்கட்டளை, ஆய்வுக்குத் தேவையான ஆன்டிபாடிகள், மரபணு மாற்றப்பட்ட எலிகள், புரதங்கள் ஆகியவற்றைத் தானே தயாரிக்கச் செய்து, தரம் பார்த்து, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குக் கிடைக்கச் செய்கிறது.

பார்க்கின்சன் ஆய்வை ஒருங்கிணைக்க 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏஎஸ்ஏபி என்ற சர்வதேச முயற்சி இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளது. அதனிடம் நிதி பெறும் ஆய்வாளர்கள், இதழுக்கு அனுப்பும்போதே கட்டுரையின் முன்பதிப்பை இணையத்தில் வெளியிட வேண்டும். கட்டுரை வெளியாகும் நேரத்தில் தரவுகள், கணினி நிரல்கள், செய்முறைகள், பயன்படுத்திய பொருள்களின் அடையாள எண்கள் ஆகிய அனைத்தையும் பொதுவெளியில் வைக்க வேண்டும். பகிர்வு என்பது அங்கு விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லாமல் நிதி பெறுவதற்கான நிபந்தனையாகிவிட்டது.

பகிர்ந்த மாதிரிகள் தந்த பரிசோதனை

இந்தப் பகிர்வால் நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் என்ன என்ற கேள்வி இயல்பானது. அதற்கான வலுவான விடை 2023ஆம் ஆண்டு கிடைத்தது.

அதே அறக்கட்டளை 2010ஆம் ஆண்டு தொடங்கிய பிபிஎம்ஐ என்ற நீண்டகால ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த நோயாளிகளும் நலமாக உள்ளவர்களும் பங்கேற்று வருகின்றனர். அவர்களின் ரத்தம், முதுகுத்தண்டில் இருந்து எடுக்கப்படும் மூளைத் தண்டுவடத் திரவம், மூளை ஸ்கேன் படங்கள், மரபணுத் தகவல்கள் ஆகியவை ஒரே விதிமுறைப்படி சேகரிக்கப்படுகின்றன. தரவுகளை உலகின் எந்தத் தகுதியான ஆய்வாளரும் விண்ணப்பித்துப் பெறலாம். திரவ மாதிரிகளும் பரிசீலனைக்குப் பின் வழங்கப்படுகின்றன.

மூளைத் தண்டுவடத் திரவத்தில் உருமாறிய ஆல்ஃபா சினுக்ளின் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அதைப் பெருக்கிக் காட்டும் விதைப் பெருக்கச் சோதனையை வெவ்வேறு ஆய்வகங்கள் தனித்தனியாக உருவாக்கி வந்தன. யாருடைய மாதிரி என்று தெரிவிக்காமல் ஒரே மாதிரிகளை அந்த ஆய்வகங்களுக்கு அனுப்பி முடிவுகள் ஒப்பிடப்பட்டன. வெவ்வேறு கைகளில் செய்தும் முடிவுகள் பெருமளவில் ஒத்துப்போனதால் சோதனையின் மீது நம்பிக்கை பிறந்தது.

அதன் தொடர்ச்சியாக, பிபிஎம்ஐ ஆய்வில் பங்கேற்ற 1,123 பேரின் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 சதவீதத்தினருக்கு உருமாறிய புரதம் இருப்பதைச் சோதனை காட்டியது. நலமாக உள்ளவர்களில் 96.3 சதவீதத்தினருக்கு அது இல்லை என்று சரியாகச் சொன்னது. அதுவரை நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டே முடிவு செய்யப்பட்டு வந்த ஒரு நோயை, அதன் உயிரியல் அடிப்படையைக் கொண்டு கண்டறிய வழி பிறந்தது. நடுக்கம் தொடங்கும் முன்பே நோயின் தடத்தைக் காணும் வாய்ப்பும் உருவானது.

எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றம் கொண்ட நோயாளிகளில் இந்தச் சோதனை 67.5 சதவீதத்தினருக்கு மட்டுமே நோயைக் காட்டியது என்பதும் கவனிக்கத்தக்கது. எல்லாப் பார்க்கின்சன் நோயும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது. பெரிய அளவிலான பொதுவான மாதிரித் தொகுப்பு இல்லாமல் இந்த வேறுபாடு புலப்பட்டிருக்காது.

ஆப்பிரிக்கா கற்றுத்தந்த பாடம்

யாருடைய மாதிரிகள் பகிரப்படுகின்றன என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பார்க்கின்சன் நோயின் மரபணுக்கள் குறித்த ஆய்வுகள் நீண்ட காலம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே நடத்தப்பட்டன. இதை மாற்றும் நோக்குடன் ஏஎஸ்ஏபி முயற்சியின் ஒரு பகுதியாக ஜிபி2 என்ற உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டம் உருவானது.

இத்திட்டத்தின் கீழ் நைஜீரியா உள்ளிட்ட பகுதிகளின் ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு லான்செட் நியூராலஜி இதழில் வெளியானது. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த 1,488 நோயாளிகள், நோய் இல்லாத 1,96,430 பேர் ஆகியோரின் மரபணுத் தகவல்கள் ஒப்பிடப்பட்டன. ஜிபிஏ1 என்ற மரபணுவில் ஒரு புதிய மாற்றம் நோய் அபாயத்தை உயர்த்துவது அப்போது தெரியவந்தது. ஐரோப்பியர்களிடம் அரிதாகவே காணப்படும் மாற்றம் என்பதால், அவர்களின் தரவுகளில் எவ்வளவு தேடினாலும் அது சிக்கியிருக்காது. அந்த மாற்றம் மரபணுவின் செயல்பாட்டை எவ்வாறு குலைக்கிறது என்பதை விளக்கும் ஆய்வு அடுத்த ஆண்டே வெளியானது.

இந்தியாவுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் என்ற மாற்றம் அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பெர் மக்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. இந்திய நோயாளிகளிடம் அது மிக அரிது என்பதை 2006ஆம் ஆண்டிலேயே இந்திய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அந்த மாற்றத்தைக் குறிவைத்து உலகில் உருவாகும் மருந்து இந்திய நோயாளிகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை, இந்திய மாதிரிகளைக் கொண்டே முடிவு செய்ய இயலும்.

செல்களிலும் இதே சிக்கல் உள்ளது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐஎன்டிஐ திட்டம், கேஓஎல்எஃப்2.1ஜே என்ற ஒரே ஸ்டெம் செல் வரிசையில் நரம்புச் சிதைவு நோய்களுடன் தொடர்புடைய மரபணு மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புகுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட செல் வரிசைகளை உருவாக்கி வழங்குகிறது. எல்லா ஆய்வகங்களும் ஒரே அடித்தளத்தில் இருந்து தொடங்குவதால் முடிவுகளை ஒப்பிடுவது எளிதாகிறது. எனினும், அந்த அடித்தளம் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த ஓர் ஆணின் செல்லில் இருந்து பெறப்பட்டது. உலகம் முழுவதும் ஒரே செல்லை நம்பியிருந்தால், பிற மக்களிடம் நோய் வேறுவிதமாகச் செயல்படுவது தெரியாமலே போகலாம்.

இந்தியாவின் நிலை என்ன?

பகிர்வுக்கான அடித்தளங்கள் இந்தியாவில் இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனித மூளைத் திசு வங்கி 1995ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. தானமாகப் பெறப்படும் மூளைத் திசுக்களை அது பாதுகாத்து ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. புனேவில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் பல ஆண்டுகளாக நாட்டின் ஆய்வகங்களுக்குச் செல் வரிசைகளை வழங்கி வருகிறது.

லக்சம்பர்க், ஜெர்மனி, இந்தியா ஆகிய நாடுகளின் கூட்டு முயற்சியான லக்ஸ்ஜெயண்ட், 10,000 பார்க்கின்சன் நோயாளிகள், நோய் இல்லாத 10,000 பேர் ஆகியோரின் மரபணுத் தகவல்களைத் திரட்டும் இலக்குடன் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் ஜீனோம் இந்தியா திட்டத்தில் நாட்டின் பல்வேறு இனக்குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பு வரிசைப்படுத்தப்பட்டு, ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டுள்ளது. அத்தரவுகளை ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. ஒரு மரபணு மாற்றம் நோயாளிகளிடம் மட்டும் அதிகமாக உள்ளதா, பொதுமக்களிடமும் அதே அளவில் உள்ளதா என்பதை அறிய இத்தகைய தரவு இன்றியமையாதது.

விலை உயர்ந்த கருவிகளைப் பொதுவில் பயன்படுத்த ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒரு நிறுவனத்தில் உள்ள நுண்ணோக்கியை மற்றொரு கல்லூரியின் மாணவர் முன்பதிவு செய்து பயன்படுத்த அது வழி செய்கிறது. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது.

ஆக, இந்தியா நுண்ணோக்கியைப் பகிர்கிறது, ஆய்விதழைப் பகிர்கிறது, மரபணுத் தரவையும் பகிரத் தொடங்கியுள்ளது. ஆனால், அந்த நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் செல், அந்தச் செல்லில் இடப்படும் ஆன்டிபாடி, அதைச் செய்யும் முறை ஆகியவை இன்னும் பெரும்பாலும் ஒவ்வோர் ஆய்வகத்தின் தனிச் சொத்தாகவே இருக்கின்றன. பார்க்கின்சன் ஆய்வுக்கான திசு, செல், மாதிரி, தரவு ஆகிய அனைத்தையும் ஒரே வாசலில் விண்ணப்பித்துப் பெறும் ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.

இறக்குமதியை நம்பும் ஆய்வகங்கள்

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதை 2024ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு உணர்த்தியது. அந்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்தில் இருந்து 150 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆய்வக வேதிப்பொருள் என்ற பெயரில் எரிசாராயம் இறக்குமதி செய்யப்படுவதைத் தடுப்பதே நோக்கம் என்று விளக்கப்பட்டது. ஆய்வாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதி செய்வோருக்கு மீண்டும் 10 சதவீத வரியே பொருந்தும் என்று ஆகஸ்ட் 1ஆம் தேதி அறிவிக்கப்பட்டது.

பத்து நாள்களுக்குள் சிக்கல் தீர்ந்தாலும், நாட்டின் ஆய்வகங்கள் இறக்குமதியை எந்த அளவுக்குச் சார்ந்துள்ளன என்பது அப்போது வெளிப்பட்டது. உயிரியல் ஆய்வில் இந்தச் சார்பு இன்னும் கடுமையானது. செல்களும் சில புரதங்களும் உலர் பனிக்கட்டியில் வைத்து அனுப்பப்பட வேண்டியவை. விமான நிலையத்தில் அனுமதிக்காகச் சில நாள்கள் காத்திருந்தால் பனிக்கட்டி ஆவியாகி, உள்ளிருக்கும் பொருள் கெட்டுவிடும். கெட்டுப்போனது வெளியே தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. அதைக் கொண்டு செய்யப்படும் சோதனை தவறான முடிவைத் தரும்; தவறு எங்கே நேர்ந்தது என்பதை அறிய மாதங்கள் ஆகும்.

நியாயமான கவலைகள்

பகிர்வுக்கு எதிரான தயக்கங்கள் அனைத்தையும் குறுகிய மனப்பான்மை என்று ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, நோயாளியின் அந்தரங்கம். மரபணுத் தகவல் ஒருவரை மட்டுமல்லாமல் அவரது பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் பற்றிப் பேசுகிறது. பெயரை நீக்கிவிட்டாலும், மரபணுத் தகவல் அடையாளத்தை முற்றிலும் மறைத்துவிடுவதில்லை. எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. உயிரியல் மாதிரி வங்கிகளுக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வகுத்துள்ளது. நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருப்பதும், எதிர்காலத்தில் மாதிரி யாருக்கெல்லாம் வழங்கப்படலாம் என்பதை அது தெளிவாகச் சொல்வதும் கட்டாயம்.

இரண்டாவது, உரிமை. வளரும் நாடுகளின் மாதிரிகள் வெளிநாட்டுக்குச் சென்று, அங்கே கட்டுரையாகவும் காப்புரிமையாகவும் மாறி, விலை உயர்ந்த பொருளாகத் திரும்பி வரக்கூடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. வெளிநாட்டு ஒத்துழைப்புடன் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்கச் சுகாதார அமைச்சகத்தின் குழு ஒன்று இயங்குவதும் இதனால்தான். மாதிரியை நாட்டுக்குள் வைத்துக்கொண்டு, விதிகளுக்கு உட்பட்டு தரவை மட்டும் பகிர்வது, உள்ளூர் ஆய்வாளர்களுக்கு முதன்மைப் பொறுப்பு அளிப்பது ஆகிய வழிகள் இந்தக் கவலையைக் குறைக்கும். நைஜீரிய ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஜிபிஏ1 ஆய்வு அதற்குச் சான்று.

மூன்றாவது, அங்கீகாரம். ஒரு செல் வரிசையை உருவாக்கித் தரம் பார்க்க இளம் ஆய்வாளர் ஒருவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதைப் பிறருக்குக் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது நன்றி அறிவிப்பில் ஒரு வரி மட்டுமே என்றால், கொடுக்க மனம் வராது. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டுமே பார்க்கப்படும் வரை இந்தத் தயக்கம் நீங்காது.

அடுத்து என்ன செய்யலாம்?

இவற்றில் பலவற்றுக்குப் புதிய நிறுவனங்களோ பெரும் நிதியோ தேவையில்லை. பொது நிதியில் நடக்கும் ஆய்வுகளில் உருவாகும் செல் வரிசைகள், ஆன்டிபாடிகள், எலி வகைகள் ஆகியவற்றை ஒரு தேசியக் கிடங்கில் ஒப்படைப்பதை நிதி ஒதுக்கீட்டின் நிபந்தனையாக்கலாம். புனே மையம் போன்ற ஏற்கெனவே உள்ள கிடங்குகளுக்கு அதற்கான பணியாளர்களையும் குளிர்சாதன வசதியையும் கொடுத்தால் போதும். இந்திய நோயாளிகளிடம் இருந்து பெறப்பட்ட ஸ்டெம் செல்கள் அங்கே சேர்ந்தால், கேஓஎல்எஃப்2.1ஜே போன்ற சர்வதேச அளவுகோலுடன் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஆய்வுக் கட்டுரையுடன் முழுச் செய்முறையையும் பொதுவெளியில் வெளியிடுவதற்கு நேரம் மட்டுமே செலவாகும். பயன்படுத்திய ஒவ்வொரு பொருளுக்கும் உரிய அடையாள எண்ணைக் குறிப்பிடுவதும் அவ்வாறே. கிடங்கில் ஒப்படைக்கப்பட்ட பொருளை எத்தனை ஆய்வகங்கள் பயன்படுத்தின என்பதைப் பதவி உயர்வின்போது ஒரு சாதனையாகக் கருதினால், பகிர்வோருக்கும் பலன் கிடைக்கும். ஆய்வுக்காக வரும் உயிரியல் பொருள்களுக்கு விமான நிலையங்களில் விரைவு அனுமதி அளிப்பது மற்றொரு எளிய சீர்திருத்தம்.

திரும்பத் திரும்பத் தவிர்க்கப்படும் ஒரு செலவும் உண்டு. ஒரு வங்கியையோ கிடங்கையோ தொடங்குவதற்கு நிதி கிடைக்கிறது. அதை ஆண்டுதோறும் நடத்துவதற்குக் கிடைப்பதில்லை. உறைகலனுக்கு ஒருநாள் மின்சாரம் தடைபட்டாலும் பல ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். மூன்று ஆண்டு ஆய்வுத் திட்டங்களின் அளவில் சிந்திக்காமல், நூலகத்தைப் போல நீண்டகாலப் பொதுச் சொத்தாக இவற்றைக் கருத வேண்டியிருக்கிறது.

முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி எடுக்கப்படும் திரவத்தை, தமக்கு உடனடிப் பலன் ஏதும் இல்லை என்று தெரிந்தே நோயாளி அளிக்கிறார். உறவினரை இழந்த துயரத்திலும் ஒரு குடும்பம் அவரது மூளையைத் தானமாக ஒப்படைக்கிறது. அந்த மாதிரி ஓர் ஆய்வகத்தின் உறைகலனில் ஒரே ஒரு கட்டுரைக்குப் பயன்பட்டு முடங்கிவிடுமா, பல ஆய்வகங்களின் கைகளுக்குச் சென்று மருந்தை நெருங்கச் செய்யுமா என்பதை நாட்டின் ஆய்வு விதிகளே தீர்மானிக்கும். 2010ஆம் ஆண்டில் சேகரிக்கத் தொடங்கிய மாதிரிகள் 2023ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையாகப் பலன் தந்தன. அத்தகைய தொகுப்பை இந்தியா இன்று உருவாக்கத் தொடங்கினாலும், பலன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் தாமதிக்க நேரமில்லை என்பதே இந்த அனுபவம் உணர்த்தும் செய்தி.